ஐம்பத்திரண்டாவது வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால், தையல்காரர் வீட்டு அம்மாள் தோட்டத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். சாதாரண மரப்பெட்டிதான். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் புனல், புனலுக்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு, உள்ளே பழைய முட்டை அட்டைகள். வேலிக்கு அப்பால் இருக்கும் மரக்காட்டிலிருந்து விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் புனலில் வழுக்கி உள்ளே இறங்கும். முட்டை அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொண்டு விடியும்வரை அசையாமல் கிடக்கும். காலையில் அவள் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, என்ன பூச்சி, எத்தனை, என்ன அளவு என்று தாளில் எழுதுவாள். பிறகு பறவைகளின் கண்ணில் படாத நிழலாகப் பார்த்து, செடிகளுக்கு அடியில் விட்டுவிடுவாள்.

விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள். "கடவுளே, இன்னைக்கு வர்றவங்க எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும்." அவள் பிரார்த்தனை அவ்வளவுதான்.

அவளுக்கு நூலகத்தில் வேலை. திரும்பி வந்த ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து விழுந்த தாள்தான் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது. அந்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வாரத்தில் ஒரே நாள், ஒரே இடம், ஒரே விளக்கு. ஐம்பத்திரண்டு வாரம் விடாமல் செய்தால் அந்தத் தோட்டத்தின் பெயர் ஆண்டுப் பட்டியலில் ஏறும். ஒரு வாரம் விட்டாலும் ஏறாது.

அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய தம்பி அவளை 'முக்கால்' என்றுதான் கூப்பிடுவான். தட்டச்சுப் படிப்பு முக்காலில் நின்றது. நீச்சல் வகுப்பு, மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டதோடு சரி. பின்னிய ஸ்வெட்டருக்கு இடது கை இன்னும் வரவில்லை. "முக்கால் அக்கா எப்படி இருக்கா?" என்று அவன் போனில் கேட்கும்போது அவளும் சிரிப்பாள். போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

வீட்டுக்காரருக்கு அந்துப்பூச்சி என்றாலே ஆகாது. தையல்காரருக்கு எப்படி ஆகும்? கம்பளித் துணியில் ஓட்டை போடும் ஜாதி அல்லவா.

"ஊரெல்லாம் இதை விரட்ட மருந்து வாங்குது. என் வீட்டுல விளக்குப் போட்டு அழைக்கறாங்க" என்பார்.

"துணி தின்கிறது வேற, இது வேற. எத்தனை தடவை சொல்றது?"

"நீ சொல்றே. அதுங்க சொல்லலையே."

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரருக்கு வேறு குறை. அந்த விளக்கு நேராக அவர் படுக்கையறை ஜன்னலில் விழுந்தது. "தங்கச்சி, உன் பூச்சியெல்லாம் தூங்கிடுது, நான் தூங்கறதில்ல" என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொல்வார். மூன்றாவது வாரம் தையல்காரர் கனத்த கறுப்புத் துணியில் ஒரு திரை தைத்து அந்தப் பக்கம் கட்டினார். பூச்சிக்காக அல்ல, அண்டை வீட்டுக்காகத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டார். அப்படியும் திரையின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டுதான் இருந்தது.

இப்படியே ஐம்பத்தொரு வெள்ளி போனது. மழையிலும் குளிரிலும், காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்த ஒரு வெள்ளியிலும் விளக்கு எரிந்தது.

ஐம்பத்திரண்டாவது வெள்ளியன்று மத்தியானம் போன் வந்தது. தலைப்பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கையில் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது. மூன்று மணி நேரப் பஸ் பயணம். அக்காவை விட்டால் தங்கைக்குத் துணையாக உடனே வர வேறு பெண் இல்லை.

பையில் துணியை அடைத்தவள், கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விடுங்க. இதுவும் முக்கால்தான்."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார். "நீ போ. விளக்கை நான் போடறேன்."

"நீங்களா? பூச்சியைக் கண்டா கத்திரிக்கோலைத் தேடற ஆளு."

"கத்திரிக்கோலைக் கடையிலேயே வச்சுட்டு வர்றேன். போதுமா?"

"எது என்னன்னு எழுதணுமே."

"உன் புத்தகத்துல எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியுது. கண்ணுல பட்டதை அப்படியே எழுதறேன். பேரை நீ வந்து வை."

படம் எடுக்கவும் வழியில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் போன். வாசல் வரை போனவள் திரும்பி, "விளக்குப் போடறதுக்கு முன்னாடி..." என்று தயங்கினாள்.

"தெரியும். எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும். ஒரு வருஷமா காதுல விழுந்துட்டுத்தானே இருக்கு."

அன்று மாலை அவர் விளக்கைப் போட்டார், பிரார்த்தனையையும் சொன்னார். ஒன்பதரைக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது. இருட்டில் பெட்டியருகே கை பிசைந்துகொண்டு நின்றவருக்குச் சுவருக்கு மேல் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை, விளக்கு செத்துப்போச்சா? தங்கச்சி எங்கே?"

தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்காக அவர் வீட்டில் ஒரு பேட்டரி இருந்தது. பத்து நிமிஷத்தில் சுவரைத் தாண்டி ஒரு நீள ஒயர் வந்து விழுந்தது.

"மருந்து ஒரு ராத்திரி தாங்கும். வருஷம் பூரா என் தூக்கத்தைக் கெடுத்த விளக்கு, கடைசி நாள்ல மட்டும் எனக்கு ஓய்வு குடுக்கலாமா? மாட்டுங்க."

விடிந்ததும் இருவரும் சேர்ந்தே பெட்டியைத் திறந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுகிறவர் அல்லவா, ஐந்தைந்தாக எண்ணினார். தையல்காரர் முதல் அட்டையைக் கைக்குட்டையால் பிடித்துத் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டாவது அட்டைக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை. மூன்றாவதற்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மாப்பிள்ளை, கடை திறக்கணும்" என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

தங்கையின் மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டதால், சனிக்கிழமை மாலை அவள் திரும்பி வந்தாள். தங்கைக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கண் தாளுக்குப் போய்விட்டது.

முத்து முத்தான எழுத்தில் நாற்பத்து மூன்று பூச்சிகள். "சாம்பல் பட்டு. ஓரத்தில் இரட்டைத் தையல், நூல் வெள்ளை." "பழுப்புக் கம்பளி, பழசு. தோளில் எதிரெதிராக இரண்டு கறுப்புப் பொத்தான்." "பச்சை மல்மல் துணி. இஸ்திரி போட்டது போல மடிப்பே இல்லை." ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு, இன்ச் கணக்கில்.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். ஒரு வருஷம் பார்த்தும் தான் பார்க்காததை இந்த மனிதர் ஒரே காலையில் பார்த்திருக்கிறார். புத்தகத்தை விரித்து வைத்து ஒப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் வாடியது.

எதுவும் பொருந்தவில்லை. நிறம் சரி, கோடு சரி, அளவுதான் எங்கேயோ இருந்தது. அவள் 'ஆந்தைக்கண்' என்று பெயர் வைத்திருந்த பூச்சி சிறகு விரித்தால் ஒன்றரை இன்ச், தாளில் இரண்டரை. நகம் அளவே இருக்கும் பச்சைப் பூச்சி இங்கே ஒன்றரை. சாம்பல் பட்டு அதைவிட மோசம். அதில் சிறியது, பெரியது என்று இரண்டு வகை. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், அளவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தாளில் இருந்ததெல்லாம் பெரியது. அது மலை உச்சியில் மட்டும் இருப்பது.

நாடாவைச் சரியாகப் பிடித்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அந்துப்பூச்சி என்றாலே ஆகாத மனிதர், அவளுக்காக அந்த வெறுப்பை விழுங்கிக்கொண்டு செய்தது. இதை அனுப்பவும் முடியாது, அவர் மனம் நோகச் சொல்லவும் முடியாது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் அந்தப் பக்கம் கடை நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "குழந்தைக்குக் கால் வரைக்கும் வர்ற சட்டை தைக்கணும். நீளம் எவ்வளவு சொன்னாங்க?"

"பத்தொம்போது இன்ச்."

அவர் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பத்தொம்போது. இருபதுன்னு எழுதறீங்க?"

"ரெண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச் விட வேண்டாமா? எழுதும்போதே சேர்த்துடுவேன். வெட்டும்போது மறந்துட்டா துணி போச்சு. இருவத்தஞ்சு வருஷமா இப்படித்தான்."

அவள் கை மடியில் இருந்த தாளுக்குப் போனது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "பூச்சிக்கும் விட்டீங்களா?"

அவர் பேனா அந்தரத்தில் நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு போல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தாளைப் பிரித்து ஒவ்வோர் அளவிலும் ஓர் இன்ச் கழித்தாள். ஆந்தைக்கண் ஒன்றரைக்கு வந்தது. மலை உச்சிக்குப் போயிருந்த சாம்பல் பட்டு இறங்கித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன பேரு, இதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று அடையாளம் தெரிந்தது. தெரியாத இரண்டுக்கும் 'தெரியவில்லை' என்றே எழுதினாள்.

குறிப்புப் பகுதியில் ஒன்றையும் அவள் மறைக்கவில்லை. அன்று விளக்கைப் போட்டது தன் கணவர், பத்து நிமிஷம் விளக்கு அணைந்திருந்தது, பக்கத்து வீட்டுப் பேட்டரி, தையலுக்கு விட்ட ஓர் இன்ச், எல்லாம் எழுதினாள். அவர் எழுதிய தாளையும் சேர்த்து அனுப்பினாள். பொய் சொல்லி முழுசாவதைவிட முக்காலாகவே இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கணக்கெடுப்பு அலுவலகத்து அம்மாளிடமிருந்து பதில் வந்தது. "உங்கள் தோட்டம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதே நாளில் அதே விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் விதி. யார் கை போட்டது என்று விதி கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் தாளை அலுவலகத்தில் எல்லாரும் படித்தோம். இனி வெள்ளை நூல் இரட்டைத் தையலைப் பார்க்காமல் எங்களால் அந்தப் பூச்சியைப் பார்க்க முடியாது."

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். "சரிக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அந்த ஸ்வெட்டருக்கு ஒரு கை பாக்கி இருக்கே?" என்றான்.

"அதை உங்க மாமா தைச்சுக்குவார், போடா."

அடுத்த நாள் வெள்ளி. கட்டாயம் முடிந்துபோனதால், நூலகத்திலிருந்து அவசரமில்லாமல் நடந்து வந்தாள். தோட்டத்தில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு மேல் மருந்துக்கடைக்காரரின் தலை தெரிந்தது. பெட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரரின் சட்டைத் தோளில், நல்ல கம்பளிச் சட்டை அது, ஒரு பழுப்புப் பூச்சி உட்கார்ந்திருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"வந்துட்டியா? நாடாவைக் கொஞ்சம் எடு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "மெதுவா. தையலுக்கு விடாம அள."