டீக்குப் பிறகு வரும் செங்கல் நிறம்

எங்கள் பெயிண்ட் கடையில் சாயங்காலம் டீ வந்ததும் என் வீட்டுக்காரர் தம்முடைய டம்ளரை மடமடவென்று காலி செய்வார். பிறகு என் முகத்தை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். "டப்பா அடுக்கணும்" என்று முனகியபடி பின்கட்டுக்கு நழுவிவிடுவார். அடுக்கின டப்பாவை எத்தனை தரம்தான் அடுக்குவார் ஒரு மனுஷர்!

பகலெல்லாம் நான் முன்னால் கல்லாவில் இருப்பேன், அவர் உள்ளே கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பார். நாங்கள் இருவரும் சேர்ந்து உட்காரக் கிடைப்பதே அந்த டீ வேளைதான். அதற்காகவே நாளெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பேன். அவர் ஓடிவிட்டால் அத்தனையையும் யாரிடம் கொட்டுவது? சுவரில் தொங்கும் ஷேடு அட்டையிடமா?

காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். என் முகம்தான். கொஞ்ச காலமாகக் கன்னம் இரண்டும் கன்றிப் போய், மேலே பொடிப்பொடியாகப் பரு. கல்யாண வயதில் மகள் இருக்கும்போது அம்மாவுக்குப் பரு வந்தால் ஊர் சிரிக்காதா? நாளெல்லாம் நல்ல நல்ல நிறமாகப் பார்க்கிறவருக்கு இந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வலித்தது.

அவருடைய லட்சணம் மட்டும் என்ன வாழ்ந்தது? முழங்கையில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. கேட்டால், சுவருக்கு முதல் பூச்சாக அடிக்கும் பிரைமர்மேல் பழியைப் போட்டு, "பிரைமர் காய்ஞ்சு ஒட்டியிருக்கு" என்பார். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பார். மறுநாளே அது பழைய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சட்டைத் தோளில் உதிர்வது சுவரில் பூசும் பட்டித் தூளாம்.

"அப்படி ஒரு பிரைமர் இருந்தா நாமளே அதை டப்பாவுல அடைச்சு விக்கலாங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாத பிரைமர்!" என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார். தோல் வெடித்து ரத்தம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டுத் தோல் டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறு முழங்கையிலும் அதே மாதிரித் தடித்த திட்டு, மேலே வெள்ளி மாதிரிச் செதில். காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. விரலை நீட்டச் சொன்னால், நகத்தில் குண்டூசியால் குத்தினது போலச் சின்னச் சின்னக் குழிகள்.

"இது பிரைமர் இல்லங்க, சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. அடியோட போகாது, ஆனா மருந்து தடவினா அடங்கிக் கிடக்கும். முதல்ல அந்தத் தின்னரை நிறுத்துங்க. தேய்க்கத் தேய்க்க அது ஏறிக்கிட்டேதான் போகும்."

அடுத்த வீட்டுச் சுவரின் நிறம் அரை மாற்றுக் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷருக்குத் தன் முழங்கையில் இருப்பது தோலா பெயிண்டா என்று தெரியவில்லை. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கன்னம் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர், அவளுக்குக் கோபம்" என்றார் இவர் முந்திக்கொண்டு.

நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன்.

"பாருங்க, ஏறுது!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எப்பல்லாம் ஏறும்?" என்று கேட்டார். கேள்வி எனக்கு. பதில் சொன்னது அவர்.

"காலையில எழுந்திருக்கும்போது மங்கின டெரகோட்டா. சூடா டீ குடிச்சா பழுத்த செங்கல். அடுப்புகிட்ட நின்னுட்டு வந்தா அதுலயே ஒரு சொட்டுக் கறுப்பு கலந்த மாதிரி இருக்கும். வெயில்ல போயிட்டு வந்தா மூக்கோரத்துல நூல் மாதிரிக் கோடு தெரியும். காரமா சாப்பிட்டாலும் அப்படித்தான். வீட்டுலயே இருக்கிற நாள்ல கொஞ்சம் தணிஞ்சிருக்கும்."

என்னைப் பார்க்கவே பிடிக்காது என்று நான் நினைத்திருந்த மனுஷர், கண்கொத்திப் பாம்பாக என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எரியுமா?" என்றார் டாக்டரம்மா.

"எரியும் டாக்டர். சோப்பு மாத்தினா குத்தும்."

"இது ரோசேசியா. மாநிறத் தோல்ல சிவப்பு பளிச்சுனு தெரியாது. அதனால பருன்னோ வெயில்னோ விட்டுடுவாங்க. சூடு, வெயில், காரம் எல்லாமே தூண்டிவிடும். கோபப்பட்டாலும் ஏறும்தான். அதுக்காக ஏறினதெல்லாம் கோபம் ஆயிடாது."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அப்ப... டீ குடிக்கும்போது உனக்குக் கோபமே இல்லையா?"

"டீ குடிக்கும்போது யாருக்குங்க கோபம் வரும்?"

"நான் பயந்துல்ல ஓடினேன்! மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குதே, இன்னைக்கு என்ன தப்பு பண்ணினோமோன்னு."

"என் மூஞ்சி பிடிக்காம ஓடுறீங்கன்னு இருந்தேன்."

"பிடிக்காமலா இத்தனை ஷேடு பார்த்து வச்சிருக்கேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா எதையோ தேடுவது போல மேஜை இழுப்பறைக்குள் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து இரண்டு களிம்பு. அவருடையது முழங்கைக்கு, என்னுடையது கன்னத்துக்கு. டீயை ஆறவிட்டுக் குடிக்கிறேன். வெயிலுக்குத் தொப்பி, சமையலில் பாதிக் காரம். கன்னம் மெல்ல மெல்லத் தணிந்தது. அவரும் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்தவர் வாயை மூடினால்தானே! சேர்த்து வைத்த பேச்சு அவரிடமும் மூட்டை மூட்டையாக இருந்திருக்கிறது.

போன வாரம் டீ வேளையில் அவர் முழங்கையிலிருந்து தின்னர் நெடி வந்தது. திருட்டுத்தனமாகத் தேய்த்திருக்கிறார்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது; களிம்பு போட்ட கன்னம்தான் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரோ என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா தணிஞ்சிருக்கே. இன்னைக்கு உனக்கு மனசு குளிர்ந்திருக்கு" என்று நிம்மதியாகக் காலை நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். தின்னரில் ஆரம்பித்து, பிரைமரைத் தொட்டு, ஓடி ஓடி அடுக்கிய டப்பாக்கள் வரை ஒன்று விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் அசையவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது என் டீயைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஏன், இன்னைக்கு ஓடலையா?" என்றேன்.

"ஓடினா மிச்சத்தை யார்கிட்ட சொல்லுவ?" என்றார்.