லெப்டினன்ட் ஃபான் ஹெம்மென்

ஏப்ரனுக்குள் ஒரு மரமூடியைச் செருகிக்கொண்டு தால்கே கூடத்துக்கு வந்தபோது, சாகக் கிடக்கிற அவள் புருஷனைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைக்கவசக் கழகத்தார். ‘ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறோம்’ என்று காலையில் வந்தவர்கள். அதற்குள் அவர்கள் குடித்த தேநீரை வாய்க்காலில் விட்டிருந்தால் எம்ஸ் ஆறு வரைக்கும் படகு போகும். போதும் என்கிறவன் கரண்டியைக் கோப்பைக்குள் போடுவான். போடாத வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பது வீட்டுக்காரியின் தலையெழுத்து. இந்த மூவரின் கரண்டிகளும் தட்டில் வேர் விட்டிருந்தன.

கட்டிலில் ஹில்மர். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்குத் தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்வை போய் இரண்டு வாரம் ஆகிறது. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். வயிற்றின் மேல் முதல் போர்க்காலத்து இரும்புத் தலைக்கவசம், கவிழ்த்த பானை மாதிரி. அவன் மூச்சு ஏறும்போது அதுவும் ஏறியது, இறங்கும்போது யோசித்து இறங்கியது.

அந்த வீட்டில் இருந்த தலைகள் இரண்டு. கவசங்கள் ஒரு படைக்கு. மாடிப்படியில், அலமாரியில், விருந்தினர் கழிப்பறையில் கூட. சிப்பாய்கள் அவற்றின் உட்பக்கம் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அழிந்துபோன அந்த எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிப்பதுதான் கழகத்தின் வேலை. அதைப் பெரிய வித்தை என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘என்’, ‘எம்’, ‘ஈ’ எழுத்துகள் மூன்றுமே ரம்பப் பல்தான். எண்ணித்தான் பிரிக்க வேண்டும். என்னுக்கு இரண்டு கோடு, எம்முக்கு மூன்று.

வயிற்றின் மேல் இருந்த கவசத்தின் உள்விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கொக்கி, சுருக்கத்துக்கு ஒரு புள்ளி, வால் வைத்த ஒரு பெரிய எழுத்து, பிறகு ரம்பம். பழைய சாமான்காரனிடம் வாங்கி வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் குனிந்து கிடந்து, ஹில்மர் அதைப் படித்தான்: ‘ஃபான் ஹெம்மென்.’ ஃபான் என்றாலே பிரபு வம்சம். அதன் பிறகு அந்தப் பிரபு தினமும் வளர்ந்தார். முதலில் லெப்டினன்ட் ஆனார். கழகத்தின் இதழில் அவருக்கு ஒரு கோட்டை வந்தது. அடுத்த இதழில் ஒரு குதிரை. பிறகு ஃப்ளாண்டர்ஸ் போர்முனையில் ஒரு காயம், அதைத் துடைக்க ஒரு காதலி. பிறக்காத மனுஷனுக்கு மூட்டுவலி ஒன்றுதான் பாக்கி.

கழகத்தார் கூடி அதைக் கொண்டாடிய அன்றைக்குத் தால்கே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “இது ஹெம்மென் இல்ல, ஹென்னென் மாதிரி இருக்கு. முன்னாடி இருக்கிற கொக்கியும் ஃபான் இல்ல, ஃப்யூர். ‘கோழிகளுக்கு’ன்னு எழுதியிருக்கு.”

சிரித்தார்கள். ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. ஹில்மர் கவசத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, “இவளுக்கு எதைப் பார்த்தாலும் கோழிதான்” என்றான். அன்றிலிருந்து, எந்தக் கவசத்திலாவது படிக்கவே முடியாத எழுத்து வந்தால் கழகத்தில் அதற்குப் பெயர் ‘தால்கே’. ‘இன்னிக்கு ரெண்டு தால்கே வந்திருக்கு’ என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவள் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டே.

அடுத்த வசந்தத்தில் தால்கேயின் சித்தி கெஷேயின் களஞ்சியத்தை இடித்தார்கள். சித்தி எதைப் பார்த்தாலும் எழுதுகிறவள். பன்றித் தொட்டியில் ‘பன்றிக்கு’, நல்ல செருப்பில் ‘கோயிலுக்கு’. சித்தப்பா தப்பித்தது ஆச்சரியம். தீவனப் பெட்டியின் மரமூடியில் ‘கோழிகளுக்கு’ என்று இருந்தது. அதே வெள்ளைப் பெயின்ட், அதே கொக்கி, பூனை வால் வைத்த அதே எழுத்து. சித்தி கைப்பிடியில்லாத இரும்புச் சட்டி ஒன்றால் பார்லி அள்ளி வீசுவது தால்கேக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் களஞ்சியத்துச் சாமான்களை அள்ளிப்போனவன் ஹில்மரின் பழைய சாமான்காரனேதான்.

மூடியை மாவு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். பன்னிரண்டு வருஷம். கோட்டை வந்தபோது சொல்லவில்லை, குதிரை வந்தபோதும் சொல்லவில்லை. வட்டியாவது ஏறட்டும் என்று விட்டாள். இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். முட்டாளாகப் போவது அவன் பாடு. முட்டாள் என்று தெரிந்துகொள்ளாமல் போக அவள் விடுவதாயில்லை.

“தால்கேம்மா, இன்னும் கொஞ்சம் இருக்குமா?” கழகத் தலைவர் ஓல்ட்மன்ஸ் கோப்பையை நீட்டினார்.

“இருக்கு தலைவரே. கடல் இன்னும் வத்தலையே.”

“மலர்வளையத்துக்கு நாடா சொல்லியாச்சு. ‘லெப்டினன்ட் ஃபான் ஹெம்மெனைக் கண்டெடுத்தவருக்கு’ன்னு. பெட்டிமேல இந்தக் கவசம். பெட்டியை இறக்கினதும் நானே ரெண்டு கையாலயும் தூக்கி மரியாதை பண்றேன்.”

“அவரு இன்னும் சாகல.”

“அவசரமில்லம்மா, மெதுவா ஆகட்டும்.”

கட்டிலிலிருந்து ஹில்மர் கேட்டான்: “நாடாவுல எழுத்து எப்படி?”

“தங்கத்துல. பழைய கையெழுத்துலயே.”

“அப்ப ஒருத்தராலயும் படிக்க முடியாதே” என்றாள் தால்கே.

“அதுதான பெருமையே” என்றார் தலைவர்.

அவள் மூன்று கரண்டிகளையும் எடுத்து மூன்று கோப்பைகளிலும் போட்டாள். டக், டக், டக். நாற்பது வருஷத்தில் அந்தத் தெருவில் எவளும் செய்திராத காரியம். மூவரும் எழுந்து தொப்பியைத் தேடினார்கள்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்தாள். மூடியின் விளிம்பு விலாவில் குத்தியது.

“ஹில்மர், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இரு.”

அவன் விரல் கவசத்தின் உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது. பெயின்ட் தடியாக மேலெழும்பி நின்றது. விரல் ரம்பப் பற்களின் மேல் ஒருமுறை போனது. திரும்பி வந்து இன்னொருமுறை போனது.

“தால்கே, கோடு குறையுது.”

“எதுல?”

“ஹெம்மென்ல. எம்முக்கு மூணு மூணு வேணும். ரெண்டு ரெண்டுதான் தட்டுப்படுது.” டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்த முகம், ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாத முகம். கவசத்தை அவள் பக்கம் நீட்டினான். “நீ பாரு.”

கல்யாணமான நாளாக அவன் சொல்லாத வார்த்தை அது. பன்னிரண்டு வருஷமாக அவள் காத்திருந்தது தட்டில் வைத்து எதிரே வந்திருந்தது. வாயைத் திறந்தாள்.

“பெயின்ட் உதிர்ந்திருக்கும்” என்றாள். சொன்னது தானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“உதிர்ந்திருக்குமா?”

“மழை, சேறு, குண்டு. ரெண்டு கோடு போகாதா?”

அவன் மூச்சு சீரானது. கன்னத்தில் கோட்டையும் குதிரையும் திரும்பி வந்தன. “உனக்கு எங்க தெரியும்” என்றான். “உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு. கோழிக்காரி.”

தால்கே மூடியை வெளியே உருவினாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, விரலைக் கொக்கியின் மேல் வைத்து அழுத்தினாள்.

“படி.”

விரல் கொக்கியில் ஏறி இறங்கியது. புள்ளி. பூனை வால். அங்கே கொஞ்சம் தயங்கியது, பழக்கப்பட்ட ஆளைத் தெருவில் பார்த்தது போல. பிறகு ரம்பம். ஒரு பல், இன்னொரு பல். மெதுவாக. நடுவில் நின்றது. மேலே போகும் என்று அவள் காத்திருந்தாள். தேநீர்க் கெண்டியைச் சூடாக வைத்திருந்த மெழுகுவர்த்தி தீர்ந்து புகைந்தது.

பிறகுதான் அவன் வாயைப் பார்த்தாள். திறந்திருந்தது, மூச்சு வரவில்லை.

விரலை நகர்த்தாமல் குனிந்து பார்த்தாள். நடுவிலிருந்த எழுத்தின் இரண்டாவது கோட்டின் மேல் இருந்தது. அதோடு முடிந்தால் ‘என்’. இன்னொரு கோடு உண்டு என்று நினைத்திருந்தால் ‘எம்’.

அடக்கத்தன்று காலையில் கோழிகளுக்குத் துக்கம் தெரியவில்லை. தால்கே தலைக்கவசம் நிறைய பார்லி அள்ளிப்போய் மரத்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது, கறுப்புக் கோட்டில் ஓல்ட்மன்ஸ் உயரமான வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“கவசம் எங்கம்மா இருக்கு?”

அவள் அதைக் கவிழ்த்து உதறி வேலிக்கு மேலே நீட்டினாள்.

“துடைச்சு வெச்சிருந்தீங்களா?”

“இப்பதான் எடுத்தேன்.”

கல்லறையில் தலைவர் கோட்டையைச் சொன்னார், குதிரையைச் சொன்னார், காயத்தைச் சொன்னபோது குரல் உடைந்தது. ஹில்மரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும், கவசத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, குழியின் பக்கம் மெல்லச் சாய்த்தார். உள்ளே தோல் மடிப்பிலிருந்து என்னவோ சரசரவென்று உதிர்ந்து பெட்டியின் மேல் விழுந்தது.

“ஃப்ளாண்டர்ஸ் மண்” என்றார் ஓல்ட்மன்ஸ்.

கழகத்தார் தொப்பியை எடுத்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். பாதிரியார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஜெபப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தால்கே குழியின் விளிம்பில் நின்றாள். மரத்தின் மேல் தானியம் விழுகிற சத்தம். தினமும் காலையில் கேட்கிற அதே சத்தம். அவள் உதடுகள் தாமாகக் குவிந்தன, கோழிகளைக் கூப்பிட நாக்கு மேலே எழுந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டு மணிகள் விழுந்தன.