பேஸ்ட் காயும் நேரம்

அடிப்பக்கத்துக் கடைசி போல்ட்டைத் தளர்த்தியதுமே மூடி லேசாக வாய் பிளந்து, கறுத்த ஆயில் தட்டில் இறங்கியது. காருக்கடியில் மல்லாந்து கிடந்த சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகின முட்டை நாற்றம். முப்பது வருட மெக்கானிக்குக்கு அது ஒன்றும் புதிதில்லை. 

சின்னவன் என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தாறு வயது, பாதி நரை, ஒரு முழங்கால் வேறு தகராறு. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அந்த அக்காதான் ஷெட்டுக்கு அடுத்த அறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். இன்றோ நாளையோ, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் அக்காவுடையது. இருபத்தெட்டு வருடம் அதை வைத்துத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். கிளட்ச்சை மிதிடா என்றால் என் உயிரை மிதிக்கிறான் என்பாள். கடைசி நாள் பாடம் ஆற்றுப் பாலம். வண்டியை அணையவிடாமல் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினால் தேர்ச்சி. இன்று காலை கண் விழித்தவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பாலம் வரைக்கும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ என்று.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூடியில் எட்டு மாதமாகக் கசிவு. வாத்தியார் பிள்ளை மக்கு, மெக்கானிக் வீட்டு வண்டி ஒழுக்கு என்று அக்கா கேலி செய்வாள். அவனும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். காலையில் திடீரென்று அந்தக் கசிவு அவனுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. வழியில் நின்றுவிட்டால் உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றான்.

"ஒழுகுனா ஒழுகட்டும்டா. குறையிறத ஊத்திட்டுப் போலாம்." இதைச் சொல்வதற்குள் அக்காவுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"ரெண்டு மணி நேரம் குடுக்கா. சுத்தமா முடிச்சிடறேன்."

அக்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, போ," என்றாள்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கசிவை அடைக்க மூடியில் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைப் பிளேடால் பொட்டுப் பொட்டாகச் சுரண்டி எடுத்தான். பெட்ரோல் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்தான். புதுப் பேஸ்ட்டை ஒவ்வொரு போல்ட் துளையையும் சுற்றி அறுபடாமல் இழுத்து, மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்கினான். இனி ஒரு மணி நேரம் அதைத் தொடக் கூடாது. பேஸ்ட் இறுகின பிறகுதான் ஸ்பானர், அதற்குப் பிறகுதான் ஆயில். பொறுத்தார் பூமி ஆள்வார், பொறுக்காத மெக்கானிக் மறுபடியும் கழற்றுவான்.

அந்த ஒரு மணி நேரம் அவன் அக்காவிடம் போய் உட்கார்ந்திருக்கலாம். பத்தடி தூரம். போகவில்லை. பிரேக் கேபிளுக்குக் கிரீஸ் வைத்தான். யாரும் கேட்காமலே பின் சக்கரத்து நட்டுகளைக் கழற்றித் துலக்கி மாட்டினான். உள்ளேயிருந்து அக்கா மகளின் குரல் ஒரு தடவை கேட்டது, பீரோக் கதவு திறந்து மூடியது. அக்காவின் இருமல் கேட்டபோது சுத்தியலை எடுத்து, தட்டத் தேவையில்லாத ஒரு மட்கார்டைத் தட்டினான். பாவி மனுஷன், பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

மறுபடி வண்டிக்கடியில் நுழைந்து, குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பாதங்கள் வந்து நின்றன. அக்கா மகள்தான்.

"கால் மணி நேரம்மா," என்றான். "ஆயில ஊத்திட்டா கெளம்பிடலாம். அம்மாவ ரெடி பண்ணு."

பாதங்கள் அசையவில்லை.

"இனிமே அவசரமில்ல மாமா."

அவன் மீதி இரண்டு போல்ட்டையும் இறுக்கினான். அதன் பிறகுதான் வெளியே வந்தான்.

அக்கா நாற்காலியில், இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுக்க உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. வெளியே போகிற உடுப்பு. காலில் வண்டி ஓட்டும்போது போடுகிற, வார் வைத்த தட்டைச் செருப்பு. முக்கால் மணி நேரமாக இப்படித்தான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். கண்ணை மூடியதைத் தூக்கம் என்று நினைத்தாளாம் மகள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"உக்கார வெச்சதுமே கூப்பிடத்தான் எந்திரிச்சேன். அம்மா வேணாம்னுட்டாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவன் பயந்து கெடக்கான், வேலை பாக்கட்டும், விடுன்னாங்க."

சின்னவன் வாசற்படியைத் தாண்டவில்லை. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றான். பிறகு, காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

"அரை லிட்டர் ஊத்தியிருந்தா போதும். பாலம் என்ன, பக்கத்து ஊருக்கே போயிட்டு வந்திருக்கலாம்."

"தெரியும் மாமா. அதையும் சொன்னாங்க."

அவள் யாருக்கோ போன் செய்ய வெளியே போனாள். சின்னவன் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினான். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை, இன்னொரு முறை கழுவினான். திரும்பி வந்து, வலிக்கிற முழங்காலை மடக்கி அக்காவின் காலடியில் உட்கார்ந்தான். படுக்க வைக்க வேண்டும், செருப்போடு படுக்க வைக்க முடியாது.

இடது காலை மெல்லப் பிடித்துக் கொக்கியைத் தேடினான். இளைத்துப்போன காலுக்காக வாரைக் கடைசித் துளை வரை இறுக்கி மாட்டியிருந்தாள் மகள். அதைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் செருப்பு தானாகக் கையோடு வந்துவிட்டது.