இரண்டு அறை, நான்கு கட்டம்

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியின் மூன்றாவது மாடியில், ஓர் அறையில் விரிவுரையாளர் செல்வகுமார்; பக்கத்து அறையில் சக விரிவுரையாளர் பிரவின். இருவரின் கைப்பேசிகளும் பதிவாளர் நல்லம்மாளின் மேசையில் கிடந்தன.

கணிதத் தேர்வின் வினாத்தாள் கசிந்துவிட்டது. வினாத்தாள் உறையை ஒட்டும்போது விரிவுரையாளர்கள் இருவர் கூடவே இருந்து ஒட்டுச்சீட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆனால் பிரவினுக்குக் கிள்ளான் ரயில் போய்விடும். செல்வகுமாருக்குப் பிரிக்பீல்ட்ஸில் பாலர்பள்ளி மூடுவதற்குள் மகளை அழைத்தாக வேண்டும். அதனால் வெற்று ஒட்டுச்சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு, ஒருவரிடம் ஒருவர் கொடுத்து வைத்திருந்தார்கள். கசிந்த இந்த உறையைத் தனியாக ஒட்டியது யார் என்பது இருவருக்குமே நினைவில்லை.

நல்லம்மாள் இருவரிடமும் ஒன்றையே சொல்லியிருந்தார். மற்றவர்தான் தனியாக ஒட்டினார் என்று ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால், எழுதியவர் தப்புவார். மற்றவருக்கு இன்றே வேலை போகும். இருவரும் எழுதினால் ஆண்டிறுதியில் இருவரையும் அனுப்பிவிடுவார்கள். இருவரும் எழுதாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் மட்டும்.

வேலை போனால் செல்வகுமாருக்கு விசாவும் போகும். குடும்பத்தோடு திருச்சிக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

எழுதக் கொடுத்த தாளின் மூலையில் அவன் நான்கு கட்டம் போட்டான். 1950இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் இருவர் அமைத்துப் பார்த்த ஆட்டம் இது. இரண்டு கைதிகளின் கதையை இன்னொருவர் பிறகு அதற்குப் பொருத்தினார். பிரவின் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, தனக்கு எழுதுவதுதான் லாபம். இருவரும் இப்படியே எண்ணினால் இருவருக்கும் நஷ்டம். தெரிந்தவர்கள் இருவரை அந்த ஆய்வாளர்கள் நூறு முறை ஆடவிட்டபோது, அறுபது முறை இருவருமே ஒத்துப்போனார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த ஆட்டம் இருந்தது; இங்கே ஒரே ஆட்டம்தான்.

கட்டங்களை அடித்துவிட்டு, 'எனக்கு நினைவில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான்.

நடைவழியில் பிரவின் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். செல்வகுமாரின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"என் பேரு எழுதிட்டீங்களா அண்ணே?"

"இல்லப்பா."

பிரவின் குனிந்து தன் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

"போன வாரம் கேன்டீன்ல அந்தக் கட்டத்த நீங்கதான அண்ணே போட்டுக் காட்டினீங்க. எழுதுறவன்தான் புத்திசாலின்னு சொன்னீங்க. நீங்க மேத்ஸ் ஆளு, கண்டிப்பா எழுதிருப்பீங்கன்னு நெனச்சேன் லா. அதான் நானும்..."

செல்வகுமார் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. நல்லம்மாள் அவன் பெயரை மட்டும் அழைத்தார்.