நான்கு விரல் மேடு

பாலத்தின் இரண்டு பாதிகளும் நடு ஆற்றில் சேர வேண்டிய அன்று, மேற்குக் கரையிலிருந்து வந்த பாதி நான்கு விரல் மேடாக நின்றது. வெள்ளைக்கார எஞ்சினியர், சர்வேயர் சதேந்திராவின் அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்படியானால் வடத்தை இறுக்கியவன்தான் அதிகமாக இழுத்துவிட்டான் என்றார். இறுக்கியவன் சபேட்டோ கிராமத்து இலாய்த்தியா, தீவின் பூர்வகுடி, ஜாக் வைத்து வடம் இழுக்கும் ஆட்களுக்கு ஃபோர்மேன். இவர்களுக்கு இப்போது வேலையிலா புத்தி இருக்கிறது என்று ஆபீசில் நம் இந்தியர்கள் முணுமுணுத்தார்கள். பூர்வகுடிகளின் பேரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்களே ஆகியிருந்த எண்பத்தேழாம் வருடம் அது. யாரும் யாரையும் நம்பவில்லை. சதேந்திரா வாயைத் திறக்கவில்லை.

கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள்தான் அந்தப் பாலத்தைத் தூக்கிப் பிடிப்பவை. வெயில் ஏறினால் அவை நீண்டு, தளத்தின் முனை தாழும். அதனால் விடிவதற்குள் மட்டம் பார்த்துவிட வேண்டும். அதை வைத்துத்தான் எவ்வளவு இழுப்பது என்று முடிவாகும். கடைசி வடத்துக்கு மட்டம் பார்க்க வேண்டிய விடியலில் சதேந்திரா தலைநகர் சுவாவில், ஆஸ்திரேலியா விசாவுக்கான வரிசையில் நின்றிருந்தான். பிற்பகல் திரும்பி, கொளுத்தும் வெயிலில் மட்டம் பார்த்து, நேரத்தை மட்டும் காலை ஐந்து என்று எழுதினான். அந்தக் கணக்குக்கு வடத்தை இழுத்தார்கள். இரவு குளிர்ந்ததும் முனை தூக்கிக்கொண்டது.

அந்தக் காலையில் அவன் எங்கே என்று எஞ்சினியர் கேட்டபோது, கீழே தூண் பக்கம் இருக்கிறான் என்று சொல்லிக் காப்பாற்றியவனே இலாய்த்தியாதான். பழி தன் தலையில் விழுந்தபோதும் அவன் அதை வெளியே விடவில்லை. சதேந்திராவை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். மறுநாள் இலாய்த்தியாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"போயி உண்மைய சொல்லிடுங்க," என்றாள் மனைவி கம்லா. "நாம பொழைக்க அந்த ஆளு வயித்துல அடிக்கலாமா?"

நன்னடத்தைக்குக் கம்பெனி கடிதம் தராவிட்டால் விசா இல்லை. கடிதம் வரட்டும் என்றான். வந்தது. விசா வரட்டும் என்றான். அதுவும் வந்தது. பிறகு கம்லா கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த நாட்களே மேல் என்று அவனுக்குத் தோன்றியது. சோறு போட்டுவிட்டு அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். தட்டைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மாலை, மார்டின்டாரில் இருந்த சதேந்திராவின் வீட்டு வாசலில் இலாய்த்தியா வந்து நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய, இடித்துக் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேர். ஊரை விட்டுப் போகிறவன் அந்த வேரை முன்னால் வைத்து, மனதில் உள்ளதைச் சொல்லி விடை கேட்க வேண்டும். இருப்பவன் கை தட்டி விடை கொடுக்க வேண்டும். இலாய்த்தியாவின் மக்களுடைய வழக்கம் அது. வேரோடு சபேட்டோவுக்குப் போயிருக்க வேண்டியவன் சதேந்திரா.

கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே இலாய்த்தியா சம்மணம் போட்டு உட்கார்ந்து, இந்தியில் சொன்னான்: "நீ வருவேன்னு பாத்தேன் பாய். வரல. உன் பங்குக்கு நானே கொண்டாந்துட்டேன். வச்சிட்டுப் பேசு."

சதேந்திரா வேரை எடுத்து அவன் முன் வைத்தான். சேர்ந்து வேலை செய்த வருடங்களைச் சொன்னான். மழையில் நனைந்ததைச் சொன்னான், நீ எனக்குத் தம்பி மாதிரி என்றான். அந்த விடியலை மட்டும் விட்டுவிட்டான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் இலாய்த்தியா.

தட்டுவதற்காகக் குவித்த அவன் கைகள் நெஞ்சுக்கு நேராக, ஒன்றையொன்று தொடாமல், அப்படியே நின்றன.