முகம் பார்க்கும் வேலை

பச்சைத் துணிக்குள் கையை விட்டு, நாத்தனாரின் வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தபடி நர்ஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து சீழ் பிடித்ததைச் சுத்தம் செய்கிற ஆபரேஷன். முகத்தை அசைக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. டிரில் அதை நெருங்கினால் கன்னம் துடிக்கும். வசதியான ஆஸ்பத்திரிகளில் அந்தத் துடிப்பைப் பிடித்துக் கத்துவதற்கு மெஷின் இருக்கும். இங்கே அது வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வருகிறவரை நர்ஸின் கைதான் மெஷின். இருக்கிற ஒரே மயக்க டாக்டர் பிரசவ வார்டுக்கே போதவில்லை என்பதால், காது ஆபரேஷன் எல்லாம் மரத்துப்போகிற ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே நடக்கும்.

நாத்தனாரும் அவளும் பேசி இரண்டு வருஷமாகிறது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒரு விருந்தில், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உன் காது நாறுது, ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டேன்" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அக்கறையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் வாய்க்கு அக்கறையையும் அதட்டலையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டாள். துணிக்கடை கவுண்டரில் நாள் பூராவும் யாரென்றே தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள், அன்று முதல் அண்ணியைக் கண்டால் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். காதை இன்னும் கொஞ்சம் அழுகவிட்டு, தலை சுற்றிக் கடையிலேயே விழுந்த பிறகுதான் அண்ணன்காரன் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தான்.

"முகம்?" என்றார் டாக்டரம்மா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அசையல மேடம்."

டிரில் மறுபடி ஓடியது. கைக்குக் கீழே கன்னம் கல்லாகக் கிடந்தது. மேஜையில் படுத்தும் இவளுக்கு வீம்பு போகவில்லையே என்று நர்ஸுக்கு எரிச்சலாக வந்தது. எத்தனையோ பேரின் கன்னத்தில் கை வைத்திருக்கிறாள். பயத்தில் பல்லைக் கடிப்பார்கள், எச்சில் விழுங்குவார்கள், சாமி பெயரை முணுமுணுப்பார்கள். இவள்தான் இப்படி.

"முகம்?"

"அசையல."

கொஞ்ச நேரத்தில் விரல் நுனி நனைந்தது. அழுகிறாள் என்று நினைத்ததும் நர்ஸுக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் சின்னப் பெண். துடைத்துவிடலாம் என்று துணியைத் தூக்கிப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள், கண்ணைச் சிமிட்டினாள். தலையணைப் பக்கம் இருந்த இடது கண் மூடித் திறந்தது. வலது கண் மூடவே இல்லை. அதிலிருந்துதான் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், நிறுத்துங்க."

டிரில் நின்றது.

"வலது பக்கம் வேலை செய்யல மேடம். கண்ணு மூடல."

"எப்பலேர்ந்து?"

நர்ஸ் வலது இமையை விரலால் மூடிவிட்டுப் பார்த்தாள். அது மறுபடி திறந்துகொண்டது.

"ஊசி போட்டதும் பல்லைக் காட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லிப் பாத்தீங்கல்ல?"

ஒவ்வொரு ஆபரேஷனிலும் அவள் செய்கிற முதல் வேலை அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்றைக்கு அதைச் செய்யவில்லை. பல்லைக் காட்டச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இவளிடம் வாயைத் திறந்து பேச வேண்டும். இவளே முதலில் பேசட்டுமே என்று விட்டுவிட்டாள்.

"கேக்கல மேடம்" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஊசி மருந்து நரம்புல எறங்கியிருந்தா சாயங்காலத்துக்குள்ள திரும்பிடும்" என்றார். டிரில் பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. நர்ஸுக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு டிரில் ஓடி ஓடி நின்றது. இனிக் கன்னம் எதையும் சொல்லாது என்று தெரிந்தும் நர்ஸ் கையை எடுக்கவில்லை.

வார்டில் தலைக்கட்டோடு படுத்திருந்த நாத்தனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூடாத கண்ணில் மருந்து விட்டு, இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்டினாள். வாசலில் நர்ஸின் கணவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். கேட்காமல் விட்டது, ஏன் விட்டது, இப்போது எதனால் என்று யாருக்கும் தெரியாதது, எல்லாவற்றையும். "உனக்குக் கோவம்னு நெனச்சேன். சத்தியமா அதான்."

நாத்தனார் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். பிறகு பாதி வாயால், குழறிக்கொண்டு சொன்னாள்:

"என்கிட்ட பேசாம இருக்க வேற நாளே கெடைக்கலையா அண்ணி உங்களுக்கு?"

நர்ஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாத்தனாரும் சிரித்தாள். இடது பக்கம் மட்டும் சிரித்தது, வலது பக்கம் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"கடையில நிக்க முடியுமா அண்ணி?"

"முடியும்" என்றாள். உடனே, "தெரியலடி" என்றாள்.

ஷிப்ட் முடிந்தும் சாயங்காலம் வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. இடையிடையே தண்ணீர் கொடுத்தாள். கொடுத்ததெல்லாம் வலது கடைவாயில் வழிந்தது, துடைத்தாள். பல்லைக் காட்டச் சொன்னாள், புருவத்தைத் தூக்கச் சொன்னாள். "முறைச்சுப் பாரு, அதுதான் உனக்கு நல்லா வருமே" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "இருங்க, பாக்கலாம்" என்று சொல்லிப் போனார்.

விளக்குப் போட்டதும் நாத்தனார் தாகமாக இருக்கிறது என்றாள். நர்ஸ் அவள் தலையைக் கையில் தாங்கி டம்ளரைச் சாய்த்தாள். ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். இந்தத் தடவை வழியவில்லை, ஒரு சொட்டு மட்டும் வலது உதட்டோரத்துக்கு வந்து நின்றது. நர்ஸ் துணியை எடுத்தாள், துடைக்கவில்லை. சொட்டு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, விழாமல் அங்கேயே நின்றது.