நைலான் கயிற்றில் மூன்று செருகு

தமிழ்மணி காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான். தெருக்குழாயில் இரண்டு குடம் பிடிப்பான். பல் விளக்குவான். பாக்கெட் பாலை வெட்டி ஊற்றி டீ போட்டு, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பான். அதைப் பிழிந்து மோர் விட்டு, ஊறுகாயோடு சாப்பிடுவான். சைக்கிளைத் துடைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு செராமிக் கம்பெனிக்குப் போவான். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது அங்கே அவன் வேலை. நல்ல கட்டை கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்கு இந்த வேலையா என்று முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. பெண்டாட்டி செத்தவனிடம் யார் வேலையைப் பற்றிக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. அன்றும் அவன் சோற்றைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. செத்துப்போன மனைவி பூங்கோதையின் தம்பி ஆனந்தராஜ் இறங்கினான். பின்னாலிருந்து அவன் அம்மா விருத்தாம்பாள், சேலையை இழுத்துவிட்டபடி இறங்கினாள். கருமாதி முடிந்து போனவர்கள் இப்போதுதான் வருகிறார்கள்.

விருத்தாம்பாள் உள்ளே வந்ததும் அடுப்படியைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய ஒற்றை வேட்டியைப் பார்த்தாள், சுவரோரம் உட்கார்ந்தாள். ஆனந்தராஜ்தான் பேசினான்.

"மாமா, நாளைக்கு ரோட்டு வளைவுல நிக்கிற பெரிய புளியமரம். பழைய கவுறு கண்ணிகிட்ட தேஞ்சி போச்சி. அக்கா பின்னி வெச்சத எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

ஆனந்தராஜ் மரம் ஏறுகிறவன். மங்கலம்பேட்டைப் பக்கம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்துப் புளியமரங்களை ஏலத்தில் எடுத்தவரிடம் அவனுக்கு வேலை. அடியில் வெட்டினால் மரம் கரண்டுக் கம்பிமேல் சாயும். அதனால் ஒருவன் உச்சிவரை ஏறி, கிளைகளை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கி, மொட்டையாக்கித் தர வேண்டும். அப்படி ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் அறுக்கிற வாளுக்கே சரியாகிவிடும். அவனைப் பிடித்துக்கொண்டிருப்பது இடுப்புக் கயிறுதான். அது மரத்தைச் சுற்றி வந்து, இடுப்பு வாரின் இரண்டு பக்கக் கொக்கிகளிலும் மாட்டும். அதற்காகக் கயிற்றின் இரு முனையிலும் கண்ணி வேண்டும். முடிச்சுப் போட்டால் பட்டையில் சிக்கும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலமும் குறையும். எனவே முனையைப் பிரித்து, மூன்று புரிகளையும் வளைத்துக் கொண்டுவந்து, கயிற்றின் உடம்புக்குள்ளேயே செருகிச் செருகிப் பின்னுவார்கள். ஆனந்தராஜ் வீட்டில் அது பூங்கோதையின் வேலை. அவள் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த பிறகு கயிறும் அவளைத் தேடிக்கொண்டு விருத்தாசலத்துக்கு வந்தது.

தமிழ்மணி கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். நீல நிறக் கயிறு ஆணியில் தொங்கியது. அவள் மாட்டிய பிறகு அதை யாரும் தொடவில்லை. எடுத்தபோது மேலே படிந்திருந்த தூசி விரலில் ஒட்டியது.

கொடுப்பதற்கு முன் கண்ணியை ஒருமுறை கட்டைவிரலால் நெருடிப் பார்த்தான். அது அவனாகச் செய்ததில்லை. கம்பெனியில் வந்த பழக்கம். ஒவ்வொரு செருகும் ஒரு புடைப்பாகக் கைக்குத் தெரியும். ஒரு முனையில் ஐந்து. அடுத்த முனையில் மூன்று. மறுபடி எண்ணினான். மூன்றுதான். மிச்சத்தை வெட்டி, நுனிகளை மெழுகுவத்தியில் காட்டிப் பொசுக்கியும் விட்டிருந்தாள். பார்த்த கண்ணுக்கு முடிந்த கயிறு.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட சாயங்காலம் அது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று அவன் சொன்னான். அவள் கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்து, இந்தக் கயிற்றில் ஏறக்கூடாது என்றான்.

ஆனந்தராஜ் கயிற்றை வாங்கித் தானும் நெருடினான். அவனுக்கும் எண்ணத் தெரியும். ஆனால் அவன் முகம் மாறவில்லை. அவனுடைய அப்பா பாவாடை ஆயுசு முழுக்க மூன்று செருகில்தான் ஏறினார், மரத்திலிருந்து விழுந்தா செத்தார், பாயில் படுத்துத்தானே செத்தார் என்று கேட்டான். அவர் ஏறியது தேங்காய் நார்க் கயிற்றில் என்றான் தமிழ்மணி. நாரை நார் கவ்விப் பிடிக்கும். நைலான் வழுக்கும், மூன்று செருகை மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவளே பூங்கோதைதான். கல்யாணமான புதிதில் முதல்முதலாக ஒரு நைலான் கயிறு அவள் கைக்கு வந்தது. வழக்கம்போல மூன்று செருகு போட்டாள். ஆனாலும் மனசுக்கு ஒப்பவில்லை. கம்பெனியிலிருந்து அவனை ஒரு மூட்டை களிமண் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் பார்த்தால் புரிகளின் நுனி ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. அன்றிலிருந்து நைலானுக்கு ஐந்து. ஒருதரம்கூடக் குறைத்ததில்லை.

"மூணு போதும்னு அக்காவுக்கே தோணியிருக்கும் மாமா. நீங்க ஃப்யூஸ் கட்டைய தட்டிப் பாக்கற மாதிரி கவுற தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கிறீங்க."

ஒரே கயிற்றில் ஒரு முனைக்கு ஐந்தும் மறு முனைக்கு மூன்றும் யாராவது வேண்டுமென்று போடுவார்களா என்று தமிழ்மணி கேட்டான்.

அந்த மூட்டை இன்னும் பின்பக்கம்தான் கிடந்தது. தமிழ்மணி அதை வேப்பமரத்துக்கு இழுத்துப் போனான். மைத்துனனும் சேர்ந்து தூக்கிக் கொடுத்தான். மூன்று செருகுக் கண்ணி கீழே வரும்படி கட்டி, மூட்டையை அதில் மாட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாம்பாள் அரிசியைக் களைந்து சோறு வடித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தார்கள். மத்தியானம் திரும்பியது. கயிறு அசையவில்லை. புரி நுனி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

ஆனந்தராஜ் சிரித்தான். அக்கா கை வைத்ததை மண்ணு மூட்டையா சோதிக்கும் என்றான். விடிய விடியத் தொங்கினால்தான் தெரியும் என்று தமிழ்மணி சொன்னான். அவனுக்கே தன் குரல் தோற்றவன் குரலாகக் கேட்டது.

"மூட்ட சும்மா தொங்குது ஆனந்து. மூட்டைக்குக் கால் வழுக்காது."

"நீங்க எந்த மரத்துல ஏறினீங்க, சொல்லுங்க."

ஏறியதில்லை. வீட்டுக் கூரைக்குப் போகவே ஏணி கேட்பவன். ஆனந்தராஜ் மூட்டையை இறக்கிவிட்டு, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். தமிழ்மணி பின்னாலேயே போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தான். ஆனந்தராஜும் விடவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், அந்தக் கண்ணியைப் பிரித்து ஐந்து செருகு போட்டுத் தந்துவிடுகிறேன், ஒரு சாண் குறையும், அவ்வளவுதானே என்றான் தமிழ்மணி.

பிரிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் விருத்தாம்பாள் எழுந்து வந்தாள். மகன் தோளிலிருந்து கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பிரிக்கக் கூடாது மாப்ள. சாவும்போது அவ வாயால தம்பிக்குன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனது. அதுல யாரும் கை வெக்கக் கூடாது."

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பது தமிழ்மணிக்குத் தெரியும். கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பூங்கோதையை வேனில் கொண்டுவந்து இறக்கிய அன்று, விருத்தாம்பாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

"தம்பி மரமேற தாயே கவுறு பின்னி
எடுத்துக் குடுங்கன்னு ஏங்கிக் கண்ண மூடினியே"

என்று பாட்டில் ஒரு வரி வந்து விழுந்தது. ஒப்பாரியில் அப்படித்தான் வரும். செத்தவர் சொல்லாததைச் சொன்னதாகப் பாடுவார்கள், கேட்காததைக் கேட்டதாகப் பாடுவார்கள். பாட்டு முடிந்தால் அதோடு போய்விடும். இந்த வரி மட்டும் போகவில்லை. பால் தெளிக்கப் போன இடத்தில் அதைப் பெண்கள் பேச்சாகச் சொன்னார்கள். கருமாதிக்கு வந்தவர்கள், என்ன பாசம் பாருங்கள், கடைசி மூச்சிலும் தம்பியை நினைத்துச் சொல்லியிருக்கிறாள் என்றார்கள். அதற்குள் விருத்தாம்பாளுக்கே அது காதால் கேட்டது மாதிரி ஆகிவிட்டது. பூங்கோதை கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது அவன் ஒருத்தன்தான். அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் போய்ச் சொல்லவில்லை. பெற்றவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

இப்போது அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் நாளைக் காலையில் அதில்தான் தொங்கப் போகிறான்.

தமிழ்மணிக்கும் அதைப் பிரிக்க மனமில்லை. அந்த மூன்று புடைப்புக்குப் பிறகு அவள் கை இந்த வீட்டில் எதையும் செய்யவில்லை. பிரித்துவிட்டால் அதுவும் இருக்காது. இதைக் கணக்குப் பார்ப்பதுபோல நினைத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

விருத்தாம்பாள் நிமிர்ந்தாள்.

"நீங்க ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வெந்நிக்குப் போயிருந்தீங்க. நான்தான் கிட்ட இருந்தன். கவுறப் பத்தி அவ ஒரு வார்த்தையும் பேசல. தம்பியப் பத்தியும் பேசல. அது நீங்க பாடினது."

ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் வந்து நின்று, மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது. விருத்தாம்பாள் மடியிலிருந்த கண்ணியை இரண்டு விரலால் தடவியபடி இருந்தாள்.

"நாந்தான் பாடினனா அத" என்றாள், மெதுவாக. கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை.

ஆனந்தராஜ் அம்மாவின் மடியிலிருந்து கயிற்றை எடுத்தான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு தமிழ்மணியிடம் நீட்டினான்.

"பிரிங்க மாமா."

முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூ டிரைவர் பூங்கோதையின் தையல் டப்பாவில் இருந்தது. தமிழ்மணி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முதல் புரியைக் கிளப்பினான். இறுக்கமாகத்தான் போட்டிருந்தாள். காய்ச்சலில் கை நடுங்கியதாகக் கயிறு காட்டவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் தப்பியிருந்தது, அப்பாவின் கயிற்றுக்குப் பின்னுவதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ. ஒவ்வொன்றாக உருவினான். மூன்று புரிகளும் சுருண்டு நெளிந்து வெளியே வந்தன. பிறகு கயிற்றை இன்னும் ஒரு சாண் பிரித்து, புதிதாக வளைத்தான்.

இத்தனை வருஷம் அவள் பின்னும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்தவன் அவன். பார்த்தது கண்ணில் இருந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. ஒன்றின் மேலேறி அடுத்ததன் அடியில் போக வேண்டும். இரண்டாவது சுற்றில் ஒரு புரி இரண்டைத் தாண்டிப் போய்விட்டது. பிரித்தான். மறுபடி போட்டான். இந்தத் தடவை ஆனந்தராஜ் எதிரே உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் தமிழ்மணி அவள் போட்ட மறுமுனைக் கண்ணியை நெருடிப் பார்த்துவிட்டு, தன்னுடையதை நெருடினான். மூன்று. நான்கு. ஐந்து. அவளுடையது மாதிரி வழவழப்பாக இல்லை. ஆனால் இடைவெளி இல்லை.

மிச்சப் புரிகளை பிளேடால் வெட்டினான். அவள் பொசுக்கிய கறுப்பு நுனிகள் மூன்றும் அந்த மிச்சத்தோடு தரையில் விழுந்தன. விருத்தாம்பாள் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் பார்க்காதவன்போல மெழுகுவத்தியை ஏற்றிப் புது நுனிகளைப் பொசுக்கினான்.

வேப்பமரத்தில் கட்டி முதலில் ஆனந்தராஜ் தொங்கினான். பிறகு கால்களை மடக்கி, வெடுக்கென்று உடம்பை விட்டுக் குதித்தான். கிளைதான் முனகியது. அப்புறம் தமிழ்மணியையும் கூப்பிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கண்ணியைப் பிடித்துத் தொங்கினார்கள். மாமாவுக்கு இதுதான் முதல் மரம் என்று ஆனந்தராஜ் அம்மாவிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் வந்து பக்கத்தில் நின்றாள்.

ஆனந்தராஜ் நுனிகளைப் பார்த்தான், எதுவும் உள்ளே போகவில்லை. கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்துக் கட்டப் போனான். விருத்தாம்பாள் மரத்தடியிலேயே நின்றாள். தமிழ்மணி மூட்டையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அப்ப என்னதான் மாப்ள சொன்னா?"

அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தான். விடியற்காலையில், சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடி வந்ததையும், அவள் கண்ணைத் திறந்து முகத்தைப் பார்க்காமல் அவன் காலைப் பார்த்ததையும் சொன்னான். அதன் பிறகு அவள் சொன்னதைச் சொன்னான்.

"செருப்ப வெளியிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா? உள்ள கொண்டாந்து கட்டிலுக்கு அடியில வைங்க. எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடப் போறான்."